ஸ்டாண்டர்ட் போர் என்று விற்ற பிளாக்: பழைய உதிரிபாக விற்பனையில் எழுந்த பணத் தகராறு பற்றிய நிகழ்வு ஆய்வு

நடந்தது

மதுரையில் அலுவலக வேலையில் இருக்கும் ஒருவர், தம்மிடம் உபரியாகக் கிடந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் சிலிண்டர் பிளாக் (பிஸ்டன் உள்ளே ஓடும் என்ஜின் பாகம்) ஒன்றை இணையத்தில் விளம்பரம் செய்து, சேலத்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு 6,500 ரூபாய்க்கு விற்றார். இருவருமே வியாபாரிகள் அல்லர். விற்றவருக்கு அந்த பிளாக், சில ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டி வாங்கியபோது சாக்கில் கட்டிக் கூடவே கொடுக்கப்பட்ட என்ஜின் சாமான்களில் ஒன்றாக வந்தது. வாங்கியவர் தம் தந்தை ஓட்டிய வண்டியை மறுபடி ஓடவைக்கும் முயற்சியில் இருந்தார். பணம் யூபிஐ வழியாக முழுவதும் முன்கூட்டியே செலுத்தப்பட்டது. பிளாக் பார்சலில் சென்றது. நான்கே நாட்களில் தகராறு முற்றிவிட்டது. இரு தரப்பினரும் தங்கள் உரையாடல்கள், படங்கள், ரசீதுகள் ஆகிய அனைத்தையும் என்னிடம் கொடுத்து, எவ்வளவு திருப்பித் தருவது முறை என்று சொல்லும்படி கேட்டார்கள். அவற்றைப் படித்து எழுதியதே இந்த ஆய்வு.

விளம்பரத்தில் இருந்த சொற்கள் இவை: "ஆர்எக்ஸ் 100 ஒரிஜினல் பிளாக். ஸ்டாண்டர்ட் போர். இதுவரை போரிங் போட்டதே இல்லை. பழைய பொருள், நோ ரிட்டர்ன்." ஐந்து படங்கள் போடப்பட்டிருந்தன. எல்லாம் வெளிப்புறப் படங்கள். சிலிண்டரின் உட்புறத்தை அளந்து காட்டும் படம் ஒன்றும் இல்லை.

இந்தச் சொற்களின் எடை தெரிய, பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. அதன் சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 50 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமும் 50 மி.மீ. ஓடி ஓடிச் சிலிண்டர் சுவர் தேயும்போது, அதை லேத்தில் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். போரிங் எனப்படும் இப்படிக் கடைவது வழக்கமாக 0.25 மி.மீ. ஏற்றத்தில் நான்கு சைஸ் வரை செல்லும். அதன் பிறகு உள்ளே இருக்கும் இரும்பு உறையான லைனரையே மாற்ற வேண்டும். ஆகவே "ஸ்டாண்டர்ட் போர்" என்றால் நான்கு வாழ்வும் மிச்சமிருக்கும் பிளாக் என்று பொருள். "இரண்டாவது சைஸ்" என்றால் பாதி வாழ்வு முடிந்தது என்று பொருள். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேலான ஒரு வண்டியின் ஒரிஜினல் பாகத்துக்கு விலை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த ஒரு சொல்தான்.

பார்சல் சனிக்கிழமை சேலம் போய்ச் சேர்ந்தது. பிரித்தபோது பிளாக்கைக் குளிர்விக்கும் வெளித் தகடுகளில் ஒன்று முனையில் உடைந்திருந்ததை வாங்கியவர் படம் எடுத்தார். ஆனால் அன்று யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவருடைய மெக்கானிக், முதல் சைஸுக்குக் கடைவதற்காகப் புதிதாக வாங்கிய 0.25 பிஸ்டன் கிட்டோடு பிளாக்கை போரிங் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே டயல் கேஜ் வைத்து அளந்த லேத்காரர் 50.58 என்று சொல்லி, "இது ஏற்கெனவே ரெண்டாவது சைஸ், உங்க கிட்டு இதுக்கு ஆகாது" என்றார். வண்டி பட்டறையில் பிரிந்து கிடக்கிறது, இடம் காலியாக வேண்டும் என்ற அவசரத்தில், மெக்கானிக் யாரையும் கேட்காமல் மூன்றாவது சைஸுக்குக் கடையச் சொல்லிவிட்டார். பிஸ்டன் கடைக்காரர் பிரிக்காத கிட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 0.75 கிட்டை அதே விலைக்குக் கொடுத்தார். மாலையில் பில்லைப் பார்த்தபோதுதான் வாங்கியவருக்கு எல்லாமே தெரிந்தது.

செவ்வாய் இரவு அவர் அனுப்பிய கணக்கு: பிளாக் 6,500, போரிங் 700, பிஸ்டன் கிட் 1,500, பார்சல் கூலி 250, ஆக 8,950 ரூபாய். காரணங்களாக மூன்று குறைகளைச் சொன்னார்: சைஸ் பொய், தகடு உடைவு, சைலன்சர் பிடிக்கும் மரை ஒன்று தேய்ந்திருப்பது. விற்றவரின் பதில் ஒரே வரி: "நோ ரிட்டர்ன்னு போட்டுத்தானே தம்பி வித்தேன்." அடுத்த செய்தி போலீஸ் புகாரைப் பற்றியதாக இருந்தது.

"நோ ரிட்டர்ன்" எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

தனிநபர் விற்பனையில் விற்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பலர் நினைப்பதைவிட அதிகம். ஆனால் அது அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவில், பொருள் தரமாகவும் நோக்கத்துக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும் என்ற மறைமுக நிபந்தனைகளை அந்த வகைப் பொருளைத் தொழிலாக விற்பவர்மீதுதான் சுமத்துகிறது. வீட்டில் கிடந்த பிளாக்கை ஒருமுறை விற்பவர்மீது அவை ஏறுவதில்லை. அதேபோல, 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ அல்லாமல் தனிப்பட்ட முறையில் ஒருவர் செய்யும் விற்பனைக்குப் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. இதை மாதந்தோறும் வண்டிகளைப் பிரித்து விற்றுக்கொண்டே தம்மைத் தனிநபர் என்று சொல்லிக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த விலக்கு அவர்களுக்கானது அன்று.

ஆனால் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு வேறு. விவரணை சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, விற்பவர் வியாபாரியா இல்லையா என்று பார்ப்பதில்லை. அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்றும் பார்ப்பதில்லை. "நோ ரிட்டர்ன்" என்ற இரண்டு சொற்கள், பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது, வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது, ஓடி ஓடித் தேய்ந்திருக்கிறது என்பன போன்ற காரணங்களைத் தடுக்கும். பழைய பொருளில் இயல்பாக இருக்கும் தேய்மானத்தை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் காட்டும். ஆனால், அதே விளம்பரத்தின் இரண்டாவது வரியில் விற்பவர் தாமே உறுதியாகச் சொன்ன ஒன்றை நான்காவது வரியால் அழித்துவிட முடியாது. பணத்தைத் தங்கள் கையில் பிடித்துவைக்கும் ஈபே போன்ற தளங்களும் இதே அடிப்படையில்தான் நடக்கின்றன: திருப்பி எடுப்பதில்லை என்று விற்பவர் குறித்திருந்தாலும், விவரணைக்கு மாறான பொருள் என்ற புகாரை அவை ஏற்கின்றன. நம்மூரில் தனிநபர்கள் உதிரிபாகம் விற்கும் இடங்களில் பணம் நேராகக் கைமாறிவிடுவதால் இடையில் தீர்ப்பவர் யாரும் இல்லை. யூபிஐ-யில் ரகசிய எண்ணைப் போட்டுத் தாமே அனுப்பிய பணத்தை, பொருள் சரியில்லை என்ற காரணத்துக்காக வங்கி திருப்பி எடுத்துத் தருவதுமில்லை.

இந்த நிகழ்வில் விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதை நான் ஏற்கிறேன். முதலில் அவர் போரிங் கடைக்காரரைத்தான் சந்தேகித்தார். பிளாக்கோடு அன்று வந்த பிஸ்டன் இன்னும் அதே சாக்கில் கிடந்ததால், அதை எடுத்து அதன் தலையைச் சுத்தம் செய்து பார்க்கும்படி கேட்டேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரியைச் சுரண்டிய பிறகு அவர் அனுப்பிய படத்தில், பிஸ்டன் தலையில் 0.50 என்ற முத்திரை தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பின் அவர் அந்தக் குறையை மறுக்கவில்லை. "எனக்கு வித்தவரு கம்பெனி போர்னு சொன்னாரு, நானும் அதையே போட்டேன்" என்றார்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 18-ஆவது பிரிவு ஏறக்குறைய இந்த மனிதரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஒருவர் தாம் உண்மையென்றே நம்பினாலும், தம்மிடம் உள்ள தகவல் இடங்கொடாத அளவுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லி, அது உண்மையல்லாமல் போனால், அது தவறான எடுத்துரைப்பு ஆகும். ஏமாற்றும் எண்ணம் இல்லாததால் இது மோசடி ஆகாது; குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலைப் பற்றிய 318-ஆவது பிரிவைக் காட்டி மிரட்டியது வாங்கியவரின் தரப்பில் மிகையான செயல். பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாதவர்மீது 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் புகார் செய்வது வேறு. அனுப்பிய பொருளின் அளவு குறித்த தகராறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், பேசித் தீர்க்கக்கூடிய மனிதரும் பயந்து வாயடைத்துப்போவார். இங்கே இரண்டு நாட்கள் அப்படித்தான் வீணாயின.

வாங்கியவர் இழந்த உரிமை

இந்த வழக்கில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்த இடத்தில்தான். இரு தரப்பினருக்கும் விளங்கவைக்க மிகவும் கடினமாக இருந்ததும் இதுதான்.

திங்கட்கிழமை காலை லேத்காரர் அளவைச் சொன்ன அந்த நொடியில், வாங்கியவரின் கையில் முழு உரிமை இருந்தது. பிளாக்கை அப்படியே கட்டி, "நீங்கள் சொன்ன அளவு இல்லை, எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், 6,500 ரூபாயும் இரு வழிப் பார்சல் கூலியும் விற்றவர் தந்தேயாக வேண்டும் என்றே நான் எழுதியிருப்பேன். பொருளைப் பார்த்துச் சோதிக்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு உண்டு என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. அளந்து பார்த்தது அந்தச் சோதனையே. ஆனால் அளந்து, குறையைத் தெரிந்துகொண்ட பிறகு கடைந்துவிட்டார்கள். விற்றவருக்கு இன்னும் சொந்தமாகத் திரும்பக்கூடிய பொருளின்மீது, அவருடைய உரிமைக்கு ஒவ்வாத செயல் ஒன்றை வாங்கியவர் செய்துவிட்டால், அவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே 42-ஆவது பிரிவு கொள்கிறது. உலோகத்தைக் கடைந்து எடுத்துவிட்டால் அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இதைவிடத் தெளிவான ஏற்புச் செயல் உதிரிபாக விற்பனையில் இல்லை.

"மெக்கானிக்தான் செய்தார், எனக்குத் தெரியாது" என்று வாங்கியவர் சொன்னது உண்மையே. ஆனால் பிளாக்கை மெக்கானிக்கிடம் ஒப்படைத்தவர் அவர். பட்டறையின் அவசரத்துக்கு மதுரையில் இருப்பவர் பொறுப்பாக முடியாது. "இரண்டாவது சைஸ் என்று தெரிந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன்" என்றும் அவர் எழுதினார். அதையும் நம்புகிறேன். அது பொருளைத் திருப்பித் தருவதற்கான காரணம்; அந்தக் காரணத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு போரிங் போட்டதோடு முடிந்துவிட்டது.

ஏற்றுக்கொண்ட பிறகு வாங்கியவருக்கு ஒன்றுமே இல்லை என்பதும் தவறு. 13-ஆவது பிரிவும் 59-ஆவது பிரிவும் சேர்ந்து சொல்வது இதுதான்: பொருளை மறுக்கும் உரிமை போனாலும், சொன்னதற்கும் கொடுத்ததற்கும் உள்ள மதிப்பு வேறுபாட்டைக் கேட்கும் உரிமை நிற்கும். "முழுப் பணமும் கொடு", "ஒரு பைசாவும் கிடையாது" என்று இரண்டு துருவங்களில் நின்றவர்களுக்கு, நடுவில் இப்படி ஒரு மூன்றாவது வழி இருப்பதே தெரியவில்லை. என் அனுபவத்தில் பழைய உதிரிபாகத் தகராறுகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தருவதில்தான் முடியவேண்டும், ஏனென்றால் குறை தெரியவரும்போது பாகம் பெரும்பாலும் வண்டியில் ஏறிவிட்டிருக்கும்.

மூன்று குறைகளும் மூன்று கணக்கு

வாங்கியவர் எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கட்டியிருந்தார். தனித்தனியாகப் பிரித்தபோது ஒவ்வொன்றும் வேறு திசையில் போயிற்று.

மரையைப் பற்றிய புகார் நிற்கவில்லை. விளம்பரத்தில் அது இல்லை என்பது உண்மை. விற்றவர் தொலைபேசியில் சொன்னதாகக் கூறினார், வாங்கியவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றார். இந்த இடத்தில் யாரை நம்புவது என்று நான் தீர்மானிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பணம் அனுப்புவதற்கு முந்தைய மாலை வாங்கியவரே அனுப்பியிருந்த செய்தி உரையாடலில் அப்படியே இருந்தது: "அண்ணா, அந்த மரைக்கு ஹெலிகாயில் போட்டா நிக்குமா?" (ஹெலிகாயில் என்பது தேய்ந்த மரைக்குள் பொருத்தும் கம்பிச் சுருள்.) அதைக் காட்டியபோது அவர் அந்தக் குறையைத் தாமே விலக்கிக்கொண்டார். வாயால் சொன்ன குறையை உடனே ஒரு வரியில் எழுதியும் அனுப்பிவிட வேண்டும். இங்கே அந்த வேலையை வாங்கியவரின் கேள்வி தற்செயலாகச் செய்துவிட்டது.

தகடு உடைந்தது வழியில். பார்சல்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக 39-ஆவது பிரிவு முதல் நோக்கில் கொள்ளும் என்பதால், வழிச்சேதம் முழுவதும் சேலத்தின் தலையில் என்று விற்றவர் வாதிட்டார். ஆனால் பொருளின் தன்மைக்கேற்ற முறையில் அனுப்ப ஏற்பாடு செய்வது விற்பவரின் பொறுப்பு என்று அதே பிரிவின் அடுத்த பகுதி சொல்கிறது. பிரிக்கும்போது எடுத்த படத்தில், பிளாக் ஒரு சுற்றுச் செய்தித்தாளோடு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் உருண்டுகொண்டிருந்தது தெரிந்தது. அலுமினியத் தகடுகள் மெல்லியவை; நடுவிலோ இரும்பு லைனர் கனக்கிறது. அத்தகைய வார்ப்பைத் தகடுகளுக்கு இடையே அட்டைத் துண்டுகள் செருகி, மேலே துணியோ பழைய டியூபோ சுற்றி, பெட்டிக்குள் அசையாதபடி இறுக்கித்தான் அனுப்ப வேண்டும். ஆகவே ஆர்கான் வெல்டிங்குக்கு ஆன 400 ரூபாயை விற்றவர் கணக்கில் வைத்தேன். வாங்கியவர் சனிக்கிழமையே படத்தை அனுப்பியிருந்தால் இதில் விவாதமே எழுந்திருக்காது என்பதையும் அவரிடம் சொன்னேன்.

சைஸ் வேறுபாட்டுக்கு விலை வைக்க, சென்னை புதுப்பேட்டையில் ஒருவர், மதுரையில் ஒருவர் என ஒருவரையொருவர் அறியாத இரண்டு பழைய உதிரிபாக வியாபாரிகளிடம், வழக்கைச் சொல்லாமல் விலை மட்டும் கேட்டோம். போரிங் போடாத ஒரிஜினல் பிளாக்குக்கு இருவரும் 6,500-ஐ ஒட்டியே சொன்னார்கள். இரண்டாவது சைஸ் பிளாக்குக்கு ஒருவர் 4,300 என்றார், மற்றவர் 4,700 என்றார். 4,500 என்று கொண்டால் வேறுபாடு 2,000 ரூபாய். போரிங் கூலி எந்த பிளாக்காக இருந்தாலும் ஆகியிருக்கும் செலவு, அவர் 0.25 கிட் வாங்கிவைத்திருந்ததே அதற்குச் சான்று. கிட் அதே விலைக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டதால் அதில் நட்டமில்லை. பார்சல் கூலி, வைத்துக்கொள்ளும் பொருளுக்கானது. ஆக, திருப்பித் தரவேண்டியது 2,400 ரூபாய்.

எழுத்தில் இருந்திருக்க வேண்டியவை

விற்றவர் தமக்குத் தெரிந்ததையும் பிறர் சொன்னதையும் பிரித்து எழுதியிருந்தால் இந்தத் தகராறு தோன்றியே இருக்காது. அதே பிளாக்குக்கு நான் பரிந்துரைத்த விளம்பரம்: "ஆர்எக்ஸ் 100 பிளாக். போரிங் போடவில்லை என்று முன்பு வைத்திருந்தவர் சொன்னார், நான் போர் கேஜ் வைத்து அளக்கவில்லை. வெர்னியர் வைத்து எடுத்த படம் இணைத்துள்ளேன். சைலன்சர் மரை ஒன்று தேய்ந்துள்ளது. வந்து சேர்ந்த மூன்று நாட்களுக்குள், கடைவதற்கும் மாட்டுவதற்கும் முன் அளந்து சொல்லுங்கள். அளவு படத்துக்கு மாறாக இருந்தால் பணம் திரும்பும். போரிங் போட்டபின் திரும்ப எடுக்க இயலாது." வெர்னியர் என்ற அளவுகோலால் நூறில் ஒரு பங்கு மி.மீ. தேய்மானத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, அதற்கு போர் கேஜ் வேண்டும், ஆனால் 50.00-க்கும் 50.50-க்கும் உள்ள வேறுபாட்டை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். இப்படி எழுதினால் விலை சற்றுக் குறையலாம். அந்தக் குறைவு, தெரியாத ஒன்றுக்குப் பொறுப்பேற்காமல் இருப்பதற்கான நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

புகார் வந்ததும் அனுப்பவேண்டிய முதல் பதிலும் முக்கியமானது. "நோ ரிட்டர்ன்" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, "தம்பி, பிளாக்கை இப்போது இருக்கும் நிலையிலேயே நிறுத்தி வையுங்கள், அளவு தெரியும் படமும் பார்சலைப் பிரித்த படமும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு நாளை மாலைக்குள் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தால், விற்றவர் எதையும் ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, வாங்கியவருக்குப் போலீஸ் என்ற சொல்லை எடுக்கும் நிலையும் வந்திருக்காது.

பொருள் திரும்பி வரும் வழக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. என்ஜின் எண் அதன் அடிக்கூடான கிராங்க் கேஸில்தான் இருக்கும். சிலிண்டர் பிளாக்கில் வண்டியை அடையாளம் காட்டும் எண் கிடையாது. நல்ல பிளாக்கை வைத்துக்கொண்டு தேய்ந்த வேறொன்றைத் திருப்பி அனுப்பினால், அடையாளம் இல்லாமல் நிரூபிக்க வழியில்லை. அனுப்பும் முன், பிளாக்கின் அடிப்பாகத்தில் கேஸ்கெட்டின் பரப்பைத் தொடாத இடத்தில் ஒரு சிறு பஞ்ச் புள்ளி குத்திப் படம் எடுத்துவைக்கலாம்; ஏற்கெனவே உள்ள வார்ப்புத் தழும்புகளை நெருக்கமாகப் படம் எடுத்தாலும் போதும். திரும்பி வந்த பாகத்தை அந்தப் படத்தோடு ஒப்பிட்ட பிறகு, பணம் வந்த அதே கணக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும். உறவினர் கணக்கு, நண்பர் எண் என்று மாற்றிக் கேட்டால் மறுத்துவிடுவதே நல்லது.

தீர்வு

2,400 என்ற தொகையை விற்றவர் அன்றே ஏற்றார். வாங்கியவர் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். 8,950 கேட்டவருக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். 6,500 ரூபாய்ப் பொருளுக்கு உரிமையியல் நீதிமன்றம் ஏறினால் ஆகும் செலவையும் அலைச்சலையும் அவருடைய மாமா எடுத்துச் சொன்னதாகப் பின்னர் தெரிவித்தார். போலீஸ் என்று எழுதியதற்கு அவர் வருத்தம் தெரிவித்தார். பேக்கிங் சரியில்லை என்பதை விற்றவரும் ஒப்புக்கொண்டார்.

பணம் அனுப்பும் முன் இருவரும் ஒரே வாசகத்தை ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள்: "ஆர்எக்ஸ் 100 பிளாக் விற்பனை தொடர்பாக, சைஸ் வேறுபாட்டுக்கு 2,000 ரூபாயும் தகடு வெல்டிங்குக்கு 400 ரூபாயும் ஆக 2,400 ரூபாய் யூபிஐ மூலம் திருப்பித் தரப்படுகிறது. பிளாக் வாங்கியவரிடமே இருக்கும். இதன்பின் இந்த விற்பனை குறித்து இரு தரப்புக்கும் வேறு கோரிக்கை இல்லை." அதன் கீழே பணம் சென்ற பரிவர்த்தனை எண் சேர்க்கப்பட்டது. விற்றவர் விளம்பரத்தை நீக்கும் முன் அதன் படத்தையும் உரையாடலையும் சேமித்துவைத்தார். சாக்கில் மீதமிருக்கும் கிராங்க் முதலான சாமான்களை அளந்து படம் எடுத்த பிறகே விற்பனைக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.